ஆவணி வராத லைன் வீடு

சேலத்தில் அம்மாப்பேட்டைப் பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, அர்த்தநாரி லைன் என்று பால்காரர் முதல் தபால்காரர் வரை எல்லாரும் சொல்லுகிற ஒன்பது வீட்டு வரிசையில், ஆடி மாசம் முடிந்த மறுநாள் காலையில் ஆவணி பிறக்கவில்லை. ஊரெல்லாம் பிறந்தது, எதிர்த்த டீக்கடையில் பிறந்தது, டீக்கடைக்கும் லைனுக்கும் நடுவே ஓடுகிற சாக்கடையின் அந்தக் கரை வரைக்கும் வந்து நின்றது, இரும்புக் கேட்டைத் தாண்டி உள்ளே மட்டும் வரவில்லை. உள்ளே ஆடிக்காற்று அடித்துக்கொண்டே இருந்தது, வேப்பமரம் பழம் உதிர்த்துக்கொண்டே இருந்தது, மூன்றாம் வீட்டு நவமணி வழக்கம்போல விடிய எழுந்து முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தபோது அதற்கு அடியில் மறுபடியும் ஆடி ஒன்று என்றுதான் இருந்தது. கிழித்த தாளை அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கி வந்து, நார் போகக் கல்லில் தேய்க்க உட்கார்ந்தாள். சேலத்துக்காரர்கள் ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடாமல் இருக்க மாட்டார்கள், அது இரண்டாம் தடவையாக வந்த ஆடி ஒன்றாக இருந்தாலும்.

நவமணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வெள்ளிப் பட்டறையிலிருந்து கொலுசு வாங்கி வந்து, வீட்டிலிருந்தே சலங்கை கோர்த்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று, மகன் திருப்பூரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான், மகள் சுகந்தியை வைகாசியில்தான் ஓமலூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற மாதேசுக்குக் கட்டிக்கொடுத்து, ஆடி பிறந்ததும் ஊர் வழக்கப்படி அழைத்து வந்து வீட்டில் வைத்திருந்தாள். புதுப்பெண் ஆடியில் புருஷனோடு இருக்கக் கூடாது, இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது. இந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த லைனே உயிரோடிருந்தது.

நடந்தது இதுதான். ஆனி மாசத்தில் ஓனர் அர்த்தநாரி, வெல்ல மண்டி வைத்திருக்கிறவர், கெட்டவர் என்று சொல்ல முடியாதவர், அடுக்குமாடி கட்டுகிற ஆள் ஒருவரைக் கூட்டி வந்து லைனை நீளவாக்கில் ஒரு தடவையும் அகலவாக்கில் ஒரு தடவையும் நடந்து காட்டினார். எல்லாரும் பதறிப்போய் ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். "குடியிருக்கிறவங்களை நினைச்சபடி தெருவுல தூக்கிப் போட முடியாதும்மா, அதுக்குச் சட்டம் இருக்கு. ஆனா அதுகிட்டப் போய் நிக்கறதுக்கு எழுத்து வேணும். எழுத்து இருக்கா?" என்று அவர் கேட்டார். எழுத்து இல்லை. அர்த்தநாரியின் அப்பா காலத்தில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு, பால் காய்ச்சி, வாய்ப்பேச்சில் குடிவந்தவர்கள் அவர்கள் எல்லாரும். அர்த்தநாரிக்கும் கோர்ட்டுப் படி ஏறப் பிரியமில்லை. வேப்பமரத்தடியில் சூலம் நட்டு, மஞ்சள் பூசி உட்கார்ந்திருக்கிற மாரியாத்தா முன்னால் கற்பூரம் ஏற்றச் சொன்னார்.

"ஆடியில எவனும் வீடு மாற மாட்டான், அந்தப் பாவம் எனக்கும் வேண்டாம். ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்ததும் காலி பண்ணிக் குடுத்திடணும். அதுவரைக்கும் உங்க மேல என் சுண்டுவிரல் படாது" என்று சொல்லி அவர் கற்பூரத்தின் மேல் கை நீட்டினார், ஒன்பது வீட்டுக்காரர்களும் அழுதுகொண்டே கை நீட்டினார்கள். தேதி போட்டுச் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. ஆடி முடிந்தால் ஆவணி வரும் என்பதை யார் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

கடைசி ஆடி வெள்ளியன்று நவமணி ஆத்தாவுக்குக் குடத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஈரக் கையைக் கூப்பிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி சொன்னாள்: "பிள்ளையும் வீட்ல இருக்கா, வீடும் கையில இருக்குது தாயே. இந்த மாசத்தை இப்படியே வச்சிரேன்." கூழ்ப் பாத்திரத்தோடு பின்னால் நின்ற பாப்பாத்தி அதைக் கேட்டாள். கேட் ஓரத்தில் இட்லிக்கடை போட்டு, ஓடிப்போன புருஷனைத் திட்டியே மூன்று பிள்ளைகளை வளர்க்கிற பாப்பாத்திக்கு ஒன்று தெரிந்தால் ஒன்பது வீட்டுக்கும் தெரியும்.

அதனால் அன்று காலை அர்த்தநாரி ஒரு பை நிறையப் பூட்டோடு வந்து இறங்கியபோது லைனில் யாரும் சாமான் கட்டியிருக்கவில்லை.

"என்னம்மா நவமணி, இன்னைக்கு ஆவணி ஒண்ணு. ஒரு பாயைக்கூடச் சுருட்டலையே."

"இங்க இன்னும் ஆடிங்கண்ணா. உள்ள வந்து பாருங்க."

அவர் கேட்டுக்குள் ஒரு கால் வைத்தார். வேட்டி முழங்காலுக்கு மேலே பறந்தது. காலை வெளியே எடுத்தார், வேட்டி அடங்கியது. மறுபடி வைத்தார், மறுபடி பறந்தது. டீக்கடையில் எல்லாரும் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேட்டியைப் புடிச்சுக்கங்க ஓனரே, ஆடிக்கு ஆள் தராதரம் தெரியாது" என்றாள் பாப்பாத்தி.

அர்த்தநாரி வேப்பமரத்தைப் பார்த்தார், உதிர்ந்து கிடந்த பழத்தைப் பார்த்தார், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தேங்காய் சுடுகிற புகையை மோந்து பார்த்தார். அவரும் சேலத்துக்காரர்தானே. தேங்காயின் கண்ணைத் திறந்து வெல்லமும் எள்ளும் பாசிப்பருப்பும் போட்டுக் குச்சி சொருகிச் சுடுகிற வாசம் வந்தால் அது ஆடி ஒன்றுதான், வேறு எதுவாக இருக்கும். நவமணி ஓடு உடைத்து ஒரு கீற்று கொடுத்தாள். அதைத் தின்றுகொண்டே பூட்டுப் பையோடு திரும்பிப் போனார்.

அப்படி ஆரம்பித்தது. முதலில் லைனுக்குள் இருந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், சத்தம் போட்டால் மாசம் விழித்துக்கொண்டு போய்விடும் என்பது போல; பிறகு அதுவும் பழகிப்போயிற்று. ஆடி ஓடி முடியும், மறுநாள் ஆடி பிறக்கும். வெள்ளிக்கு வெள்ளி கூழ் காய்ச்சினார்கள், பதினெட்டாம் பெருக்கு திரும்பத் திரும்ப வந்தது, வரும்போதெல்லாம் எலுமிச்சை சாதமும் புளி சாதமும் கிளறி, பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். பிள்ளைகள் கூழைக் கண்டால் ஓடி ஒளிந்தன. கேட்டுக்கு வெளியே புரட்டாசி மழை கொட்டும்போது உள்ளே காற்று மட்டும் அடித்தது, மழையில் நனைந்து வேலை முடிந்து வருகிறவர்கள் கேட் தாண்டிய இரண்டாம் நிமிஷம் காய்ந்துபோனார்கள், அதனால் தெருக்காரர்கள் தங்கள் ஈரத் துணியையெல்லாம் கொண்டு வந்து லைனில் காயப்போட்டு எடுத்துப் போனார்கள். ஜவுளிக்கடைக்குப் போன பாப்பாத்தி ஐப்பசியில் ஆடித் தள்ளுபடி கேட்டாள். கடைக்காரர் அவள் எந்த லைன் என்று விசாரித்துவிட்டு, ஒரு உள்பாவாடைக்கு மட்டும் குறைத்துக் கொடுத்தார். வாடகைக்கு அர்த்தநாரி ஆள் அனுப்பியபோது எல்லாரும் வணக்கமாகவே பதில் சொன்னார்கள், ஆடி மாச வாடகையைத்தான் கொடுத்துவிட்டோமே என்று.

அர்த்தநாரி சும்மா இருக்கவில்லை. சுண்டுவிரல் படாது என்று சத்தியம் செய்தவர், ஆகையால் தண்ணீரை நிறுத்தவில்லை, கரண்டை அறுக்கவில்லை. ஆவணியை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்றுதான் பாடுபட்டார். விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் ஒன்றை மேளத்தோடு எடுத்து வந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். பிள்ளையார் வந்தால் ஆவணி வந்துதானே ஆக வேண்டும். லைனில் எல்லாரும் கும்பிட்டார்கள், கொழுக்கட்டை பிடித்தார்கள், பிள்ளையாரும் ஆத்தா பக்கத்தில் தொந்தியைத் தளர்த்திக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தார், காற்று மட்டும் குறையவில்லை. "ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்த புள்ள மாதிரி உக்காந்திருக்கறதைப் பாரு" என்று பாப்பாத்தி சொன்னதும், அர்த்தநாரியும் அதைப் பார்த்துவிட்டு, இனி ஆகாது என்று வாடகைக் கோர்ட்டுக்கே போனார்.

கோர்ட்டில் வழக்கை விசாரித்த அதிகாரி இரண்டு பக்கமும் கேட்டார். கற்பூர சத்தியத்தை யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆடி முடிந்ததா இல்லையா என்பது மட்டும்தான் வழக்கு. நேரில் பார்த்துச் சொல்ல கமிஷனராக கமலவேணி என்கிற இளம் வக்கீலை அனுப்பினார். அந்தப் பெண் கறுப்புக் கோட்டும் குடையுமாக வந்தது. கேட்டுக்குள் வந்ததும் குடை தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. கேட்டின் நடுவே ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து அது வெகுநேரம் நின்றது. உள்பக்கத்து முடி பறந்தது, வெளிப்பக்கத்து முடி வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் போய், இன்னைக்கு என்ன மாசம் என்று கேட்டது. கடைசி வீட்டில் சம்சாத் இருந்தாள், பக்கவாதம் வந்து படுத்திருக்கிற புருஷன் காதர் பாயைப் பார்த்துக்கொண்டு.

"எங்களுக்கு ஏதும்மா ஆடி. ஆனா காத்து எங்க வீட்லயும்தான் அடிக்குது, சோத்துல மண்ணு உழுவுது" என்றாள் சம்சாத்.

கமலவேணி மரத்தடியில் உட்கார்ந்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு இரண்டு சொம்பு கூழ் குடித்துவிட்டு, நான்கெல்லைக்குள் நடப்பது ஆடிதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

"ஐயா, வெளியில கார்த்திகை தீபமே ஏத்தியாச்சுங்க" என்று அர்த்தநாரி கோர்ட்டில் கையைப் பிசைந்தார்.

"அந்த இடத்துக்குள்ள ஏத்துனாங்களா?"

"காத்துல நிக்கலீங்க."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஆடி கழிந்ததும் வழக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார். அன்றைக்கு லைனில் நவமணியை நாற்காலியில் உட்கார வைத்து, பெண்கள் எல்லாரும் குங்குமம் வைத்தார்கள். "ஆத்தா காது குடுத்தது உனக்குத்தான்க்கா" என்று பாப்பாத்தியே காலைத் தொட வந்தாள். நவமணி கூசிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள். சுகந்தி வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது.

அந்தப் பெண்ணை என்னவென்று சொல்வது. முதலில் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அம்மா கையால் சாப்பாடு, அம்மா பக்கத்தில் தூக்கம், பகலெல்லாம் அம்மாவோடு உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோர்க்கிறது. மாதேசு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைக்கில் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பான், உள்ளே இவள் நிற்பாள், கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசிக்கொள்வார்கள். "வருசம் பூரா ஆடின்னா சித்திரை எங்கிருந்துடி வரப்போவுது, உள்ள கூப்பிட்டுக்க" என்று பாப்பாத்தி ஒரு நாள் அவனை இழுத்து வந்து இவள் பக்கத்தில் உட்கார வைத்துங்கூடப் பார்த்தாள். பிரயோசனமில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் இடத்தில் காற்று புகுந்து ஓடிக்கொண்டே இருந்தது. அவன் வாய் அசைந்தது, சொன்னது அவள் காதுக்கு வருமுன்னால் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவன் பேசியதெல்லாம் ஏழாம் வீட்டு ஆட்டோக்காரருக்குக் கேட்டது, அவர் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தீபாவளி வெளியே வந்தது. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையை உட்கார வைத்து எண்ணெய் தேய்த்து, புதுத் துணி கொடுக்க வேண்டும் என்று நவமணி எத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்தாள். ஆடியில் எப்படித் தலைதீபாவளி செய்வது. அவன் தானே வாங்கிய புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கேட் கம்பி வழியாக மாமியார் நீட்டிய அதிரசத்தைத் தின்றுவிட்டுப் போனான்.

மார்கழியில் ஒரு நாள் நவமணி துணிந்து மகளை பஸ்ஸில் ஓமலூர் கூட்டிப் போனாள். பஸ்ஸில் சுகந்தி உட்கார்ந்த சீட்டில் மட்டும் முந்தானை படபடத்தது. ஓமலூரில் அவள் வாசற்படி ஏறியதும் கூடவே காற்றும் ஏறியது, சாமி விளக்கு அணைந்தது, மாவுத் தட்டு பறந்தது, மச்சில் காயவைத்த மிளகாய் தெருவெல்லாம் சிதறியது. சம்பந்தியம்மாள் நல்ல மாதிரிதான், மருமகள் முகத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"நான் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலைங்க சம்பந்தி. ஆடி அவ மேல இருக்குது. அது இறங்காம எப்படிங்க குடித்தனம் வைக்கறது. உங்க வீட்டு ஆடி முடியட்டும், நானே வந்து கூட்டிக்கறேன்."

திரும்பி வந்த சாயங்காலம் சுகந்தி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் பெருக்குக்கு மாற்றிய கயிறு, ஒரு நாளும் பழசாகாத மஞ்சள் கயிறு. நவமணி பக்கத்தில் போய் உட்கார்ந்து தலையைக் கோதினாள்.

"அம்மா, இந்த வீட்ல நான் விருந்தாளியா, குடித்தனக்காரியா?"

"என்ன சாமி பேச்சு இது. உன் வீடு."

"உன் வீடும்மா. ஓனர் கையில இருந்து நீ காப்பாத்தி வச்சிருக்கற வீடு. எனக்கும் ஒரு வீடு இருக்குது. அதுக்குள்ள நான் இன்னும் குடிபோகவே இல்ல."

அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை, விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். நவமணி எழுந்து சாமி படத்துக்கு முன்னால் நின்று, என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், கை கூப்பியபடியே நின்றாள். மாசம் போக வேண்டும் என்று கேட்டால் ஒன்பது வீடும் தெருவில் நிற்கும், கேட்காவிட்டால் பெற்ற பிள்ளை காலமெல்லாம் கம்பிக்கு உள்ளேயே நிற்கும். தாயான ஆத்தாவிடம் இதில் எதைக் கேட்பது.

மறுநாள் மரத்தடியில் எல்லாரையும் கூப்பிட்டு மறைக்காமல் சொன்னாள்.

"உன் மவளுக்குப் போறதுக்கு ஒரு வீடு இருக்குதுக்கா" என்றாள் பாப்பாத்தி. "எனக்கு எவன் குடுப்பான். புருசன் எங்கன்னு கேப்பான், மூணு புள்ளையான்னு கேப்பான், ஊருக்கு வெளியில போய்ப் பாருன்னுவான். நீ கேட்டு வாங்கின மாசம்தான், இல்லைங்கல. ஆனா அதுல நாங்களும்தான் குடியிருக்கோம்."

"ஆத்தாளையே கேட்டுடலாம்" என்றார் ஆட்டோக்காரர்.

பூப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் மாசத்தை அனுப்பிவிடலாம், சிவப்பு வந்தால் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஆத்தா காலடியில் போட்டு, கற்பூரம் காட்டி, பாப்பாத்தியின் கடைக்குட்டி எடுக்கக் குனிந்தபோது, காற்று வந்து இரண்டு பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு, வேப்பமரத்தைச் சுற்றி, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டது. எல்லாரும் ஆத்தா முகத்தைப் பார்த்தார்கள். ஆத்தா எப்போதும் போல மஞ்சள் முகத்தோடு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவமணிக்கு அப்போது ஒரு நிதானம் வந்தது. மாசத்தைப் போகச் சொல்ல வேண்டாம், நாம் போகலாம் என்று அவள் மனசு சொல்லிற்று. சுகந்தி மேல் ஏறியிருப்பது தாய்வீட்டு ஆடி. இங்கே தாய்வீடே இல்லையென்றால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இருந்தாலும் ஒரு பயம் அவளை அரித்தது, கேட்டவள் போய்விட்டால் கேட்டதும் கூடவே போய்விடுமோ என்று. அதைச் சம்சாத்திடம் சொன்னாள், காதர் பாய்க்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது.

சம்சாத் கரண்டியை நிறுத்தாமல் கேட்டாள். "இவரை மாடிப்படி ஏத்த முடியாதுக்கா. கீழ் வீடு எவனும் தர மாட்டேங்கறான், பேரைக் கேட்டதுமே வீடு முடிஞ்சுடுச்சுங்கறான். நான் எங்க போறது."

"அதான் சம்சாத், எனக்குச் சோறு இறங்கல."

"நீ சாப்பிடு மொதல்ல. கேக்கறதுக்கு உனக்கு ஒருத்திக்குத்தான் வாய் இருக்குதா."

வீடு தேடுகிற கஷ்டத்தை நவமணி அப்போதுதான் பட்டாள். வெளியே தை பிறந்திருந்தது, வீடு மாறுகிறவர்களுக்கு நல்ல மாசம், எல்லாத் தெருவிலும் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. ஒருவர் தனியாக இருக்கிற பொம்பளைக்குக் கொடுப்பதில்லை என்றார், ஒருத்தி கறி மீன் ஆக்குவீர்களா என்று கேட்டாள், கொலுசு வேலை என்றால் நாள் முழுக்கச் சத்தம் வருமே என்று ஒருத்தர் காதைப் பொத்திக் காட்டினார், அர்த்தநாரி லைன் என்றதும் இன்னொருத்தர், நீங்கள் வந்தால் எங்கள் வீட்டிலும் மாசம் நின்றுவிடுமா அம்மா என்று பயத்தோடு கேட்டார். கடைசியில் பொன்னம்மாப்பேட்டையில் ஒரு மாடி அறை கிடைத்தது, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

புறப்படுகிற அன்று காலையில் மாதேசு குட்டியானை வண்டியை டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு, கேட்டுக்கு வெளியே வழக்கமான இடத்தில் நின்றான். அர்த்தநாரியும் வந்திருந்தார், பூட்டுப் பையோடு, அடுக்குமாடிக்காரரின் ஆளோடு; நவமணி கேட்டதால் நின்ற மாசம் நவமணி போனால் நகர்ந்துவிடும் என்று அவருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். லைனே வாசலில் நின்றது. பீரோவும் கட்டிலும் கொலுசுப் பெட்டியும் போயிற்று. நவமணி ஆத்தாவுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள், ஒன்றும் கேட்கவில்லை, நன்றி என்று மட்டும் சொன்னாள். பாப்பாத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவள், கடைசி நிமிஷத்தில் ஓடி வந்து ஒரு பொட்டலம் இட்லியைக் கையில் திணித்தாள்.

"அங்க போய்ப் பட்டினி கிடக்காத. எனக்கு உம்மேல கோவம்தான். இட்லிக்குக் கோவம் இல்ல."

நவமணி மகள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். தாண்டியதும் சுகந்தியின் முந்தானை, எத்தனையோ காலமாகப் படபடத்துக்கொண்டிருந்த முந்தானை, தோளில் வந்து படிந்தது.

பின்னால் காற்று நின்றுபோயிற்று.

அப்படி ஒரு அமைதியை அந்த லைன் கேட்டு வெகுகாலம் ஆயிற்று. வேப்பமரத்தில் ஒரு இலை ஆடவில்லை. கடைசியாக ஒரு பழம் விழுந்து உருண்ட சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. பாப்பாத்தி பிள்ளைகளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அர்த்தநாரி பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்தார், அதன் சாவியைத் தேடினார். நவமணி திரும்பிப் பார்த்தாள், இனி ஒரு அடி உள்ளே வைத்தாலும் மகள் மேல் மறுபடி அது ஏறிவிடும். அவள் சாக்கடைக் கரையில் அப்படியே நின்றாள்.

கடைசி வீட்டு வாசலில் சம்சாத் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் ஏந்தி, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. யாரையும் பார்க்கவில்லை. என்ன கேட்டாளோ, எந்த மாசத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டாளோ, அது கேட்கிறவனுக்கும் அவளுக்கும்தான் தெரியும். கேட்டு முடித்து அவள் கையை முகத்தில் தடவிக்கொண்டபோது, அவள் வீட்டுக் கொடியில் காய்ந்த காதர் பாயின் லுங்கி ஒரு ஓரத்தில் லேசாகத் தூக்கியது. அப்புறம் பக்கத்து வீட்டுக் கொடி. அப்புறம் அதற்கடுத்தது. வரிசையாக ஒவ்வொரு வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு வந்து, மரத்தில் ஏறி, பழங்களைக் கொட்டிவிட்டு, காற்று கேட்டுக்கு வந்தது. அர்த்தநாரி பூட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார், பிறகு குனிந்து பூட்டைப் பொறுக்கிக்கொண்டு, கூட வந்த ஆளிடம், "போலாம் தம்பி, உள்ள ஆடி நடக்குது" என்றார்.

நவமணி வெளியிலிருந்தே கடைசி வீட்டுப் பக்கமாகக் கை கூப்பினாள். தை வெயில் தலையில் இறங்கியது, கழுத்தில் வேர்வை வழிந்தது, அதைத் துடைக்கவும் தோன்றாமல் ஏறி வண்டியின் முன்சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். சுகந்தி நடுவில் உட்கார்ந்தாள். மாதேசு வண்டியைக் கிளப்பிவிட்டு, முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

"வரப்ப மோட்டார் போட்டுட்டு வந்துட்டேன், நிறுத்த மறந்துட்டேன். தொட்டி வழிஞ்சு வாசலெல்லாம் தண்ணியா நிக்கும்."

"வாசல்ல கோலம் இருக்குமே, அத்தை போட்டது" என்றாள் சுகந்தி.

"இருக்காது இந்நேரம். நீ வந்து போட்டுக்க."

அவள் தலையை அசைத்தாள். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டிருந்தது.